கேட்டும் கொடுக்காத கயிறு

என் அக்கா ஆண்டாளின் கணவர் வீரமுத்துவைப் பொறுத்தவரை பாறை என்பது உடைக்க வேண்டிய பொருள். அதற்கு வேறு உபயோகம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. எலவனாசூர்கோட்டையைச் சுற்றி, அந்தப் பக்கம் திருக்கோவிலூர் வரைக்கும், கிணற்றை ஆழப்படுத்த வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டிராக்டரில் கம்ப்ரசரோடு போய் நிற்பார். கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்குவார். சுத்தியலால் பாறையைத் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். எந்த இடத்தில் நரம்பு ஓடுகிறது, எங்கே துளை போட்டு வெடிமருந்து வைத்தால் பாறை சுலபமாகப் பிளந்துகொண்டு வரும் என்று கண்டுபிடித்து, அங்கே டிரில்லை வைப்பார். கம்ப்ரசர் சத்தத்திலேயே வாழ்ந்ததால் காது பாதி போய்விட்டது. சாப்பிடும்போது உப்பு கேட்டால் அடுத்த தெருவில் இருப்பவன் எடுத்து வந்து கொடுப்பான், அப்படி ஒரு குரல். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு ஒரே மகள், சந்தியா. கள்ளக்குறிச்சியில் பி.காம். முடித்துவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் வேலையோடு நிற்காமல் பாறை ஏறப் பழகிக்கொண்டாள். முதலில் ஒரு ஹாலுக்குள் சுவர் முழுக்கக் கலர் கலராகக் கைப்பிடிகளைப் பதித்து வைத்து அதில் ஏறினார்கள். பிறகு நிஜப் பாறை. இடுப்பில் பட்டை கட்டி அந்தரத்தில் தொங்கும் போட்டோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க அடுப்புப் பக்கமே போகவில்லை. மாமா போட்டோவைப் பெரிதாக்கி, மகளைப் பார்க்காமல் பாறையைப் பார்த்தார்.

"நல்ல கல்லு. ஒடைக்கறதுக்கு ரொம்ப மருந்து புடிக்கும்" என்றார்.

போன வருஷம் புரட்டாசியில் அவள் ஊருக்கு வந்தபோது ஒரு திட்டத்தோடு வந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், ரோடு முடிந்து, மரவள்ளிக் கொல்லைகளும் முடிந்து, காட்டுக்குள் இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அடியில் ஓடை. ஓடை ஓர் இடத்தில் அருவியாக விழுகிறது. அதன் பக்கத்திலேயே நேர்குத்தாக நிற்கிறது ஒரு பாறை. இதுவரை யாரும் அதில் ஏறியதில்லை. ஏறுவதற்கு முதன்முதலில் வழி அமைக்கப் போவது தான்தான் என்றாள். வழி அமைத்து முதலில் ஏறுகிறவர்தான் அந்த வழிக்குப் பெயர் வைப்பாராம். வனத்துறையிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள். பூமியில் ஏறுவதற்கு மாடிப்படி, பஸ், ஏணி என்று இத்தனை இருக்கும்போது இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று நான் வாய்விட்டே கேட்டேன். என்னை யாரும் மதிக்கவில்லை.

வழி அமைப்பது என்றால் என்ன என்று அவள் மாமாவுக்கு விளக்கினாள். மேலேயிருந்து கயிற்றில் இறங்கி, பாறையில் ஆங்காங்கே துளையிட்டு இரும்பு போல்ட் முடுக்க வேண்டும். அப்புறம் கீழேயிருந்து வெறும் கையாலும் காலாலும் ஏற வேண்டும். ஏறுகிறவள் இடுப்பில் கயிறு. ஒவ்வொரு போல்ட்டுக்கு வரும்போதும் அதில் ஒரு கொக்கியை மாட்டி, கயிற்றைக் கொக்கிக்குள் போட்டுவிட்டு மேலே போவாள். கீழே ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். கேட்கும்போது கயிறு விட வேண்டும், விழுந்தால் பிடிக்க வேண்டும். விழுகிறவள் கடைசியாக மாட்டிய போல்ட்டுக்குக் கீழே போய்த் தொங்குவாள். போல்ட் நின்றால்தான் உயிர் நிற்கும்.

மாமாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் மனத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு அவர் சாப்பிட்ட சோறு தொண்டையில் இறங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் மகள் கேட்க மாட்டாள். அதனால் காலையில் எழுந்ததும், "ஓட்டய நான்தான் போடுவன். நீ போட்டா அது ஓட்டயா இருக்காது, கீறலா இருக்கும்" என்றார்.

அவள் பேட்டரி டிரில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாமா, மோர் கடையற மிசினா?"

சனிக்கிழமை மலையேறினோம். அக்கா என்னைக் கடையைப் பூட்ட வைத்துக் கூடவே அனுப்பினாள். செல்போன் கடை வைத்திருக்கும் எனக்கு, சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கு என்றால் பாதி உயிர் போன மாதிரி. உடம்பு வேறு பருமன். ரொட்டிப் பையையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு கெட்ட வார்த்தைகளை முணுமுணுத்தபடி பின்னால் போனேன். பாறையின் பின்பக்கமாகச் சுற்றினால் உச்சிக்குப் போக ஒற்றையடிப் பாதை இருந்தது. அங்கே ஒரு பெரிய மரத்தில் கயிற்றைக் கட்டி முதலில் சந்தியா இறங்கினாள். தட்டிப் பார்த்துப் பார்த்துச் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போனாள். அவள் ஏறி வந்ததும் மாமா இறங்கி, குறி இருந்த இடங்களில் துளையிட்டுப் போல்ட் வைத்தார். வேலை சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு குறியில் மட்டும் பாறை இடம் கொடுக்கவில்லை. டிரில் முனை சூடேறிக் கிறீச்சிட்டதே தவிர உள்ளே போகவில்லை. மாமா ஒரு சாண் தள்ளி வைத்து அழுத்தினார். வெல்லத்தில் குச்சி இறங்குகிற மாதிரி இறங்கியது. போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்த குறிக்குப் போய்விட்டார். அதில் அவருக்குத் தப்பாக எதுவும் படவில்லை. கிணற்றுக்குள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான். பாறை எங்கே இளகிக் கொடுக்கிறதோ அங்கே போவது. உடைப்பதற்காகத் தேடிப் பழகிய கை, போல்ட் நிற்க வேண்டிய இடத்திலும் உடைகிற இடத்தையே தேடிப் போய்விட்டது. அது அவருக்கு அன்று தெரியவில்லை.

சாயங்காலம் மலைக் கிராமத்தில் தங்கினோம். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சந்தியா கேட்டாள். "எல்லாம் நான் போட்ட குறிலதானப்பா?"

"ஆமா, எல்லாம் குறிலதான். வேற எங்க போடுவன்?"

ஒரு சாண் என்பது அவர் கணக்கில் தள்ளி வைத்ததே ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தூறிவிட்டது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான் என்று சந்தியா குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள். வழக்கமாக அவளுக்குக் கயிறு பிடிப்பவள் நைனார்பாளையத்து நான்சி. இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். நான்சிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கயிறு மாமாவின் கைக்கு வந்தது. பிடிக்கும் முறையைச் சந்தியா வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். கயிறு அவருக்குப் புதிதா? கிணற்றுக்குள் எத்தனை பேரை இறக்கி ஏற்றியவர். நன்றாகவே பிடித்தார்.

வெயில் வந்து பாறை காய்ந்தது. தூறலில் ஓடை கொஞ்சம் பெருகி, அருவி முந்தைய நாளைவிட அதிகமாக இரைந்தது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது. சந்தியா கை வழுக்காமல் இருக்க வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு பாறையில் கை வைத்தாள். ஒன்று சொல்ல வேண்டும். ஏறும்போது அவள் அழகாக இருந்தாள். அவசரமே இல்லாமல், கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, பாறையோடு ஏதோ பேசிக்கொண்டே போவது போலப் போனாள். நான் திட்டுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அண்ணாந்தபடி அளவாகக் கயிறு விட்டுக்கொண்டிருந்தார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. சாமிப் பெயராக இருக்கும்.

பாதிக்கு மேல் போய்விட்டாள். பாறை லேசாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கடினமான இடத்தைத் தாண்டி, அடுத்த போல்ட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மாமா என் தோளில் இடித்தார்.

"மாப்ள, அங்க பாரு. அந்த ஈரத்தப் பாரு."

பாறை முழுக்க வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. அவள் தலைக்கு மேலே ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. மேலே தொடங்கிப் பக்கத்தில் இறங்கி அடியில் வளைந்து, கதவுக்கு நிலை வைத்த மாதிரி ஒரு பெரிய கல்லைச் சுற்றி ஓடியது. அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கல்லின் ஓரத்தில், கோட்டுக்கு உள்பக்கமாக, மாமா வைத்த போல்ட் பளபளவென்று மின்னியது.

"அது தனிக் கல்லு மாப்ள. பின்னால தெறந்துகிது. ஒட்டிக்கினு நிக்குது, அவ்ளதான். ஐயோ, நான் தள்ளி வச்சனே. அவ போட்ட குறி அந்தாண்டதான் இருந்துது. நான்தான் தள்ளி வச்சன்."

அவ்வளவு பெரிய கல் அவள் மேல் விழுந்தால் அவள் இல்லை. அடியில் நிற்கும் நாங்களும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். "தொடாதம்மா! அதத் தொடாத!" ஊருக்கே கேட்கும் அந்தக் குரலை அருவி விழுங்கிவிட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டிப் பிடித்து, அந்தப் போல்ட்டில் கொக்கியை மாட்டினாள். அடுத்தது கயிற்றைக் கொக்கிக்குள் போட வேண்டும். ஒரு கையால் தொங்கியபடி மறு கையால் கயிற்றை மேலே இழுத்தாள்.

மாமா விடவில்லை.

அவள் மறுபடி இழுத்தாள். கயிறு வரவில்லை. தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். வாய் அசைந்தது. சத்தம் கேட்காவிட்டாலும் என்ன கேட்கிறாள் என்று தெரிந்தது. "கயிறுப்பா! கயிறு வுடுப்பா!"

மாமா கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவளுக்கு அது எப்படிப் புரியும்? அப்பா பயந்துபோய் உறைந்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பாள். கயிற்றைப் பல்லால் கவ்வி, இன்னொரு தடவை உயிரைக் கொடுத்து இழுத்தாள்.

"மாமா, எறக்கு அவள! கீழ எறக்கு!" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"எப்டிடா எறக்கறது? கயித்துல தொங்கி ஒக்காந்தாதான எறக்க முடியும். எதுல ஒக்காருவா? அவ கயிறு போட்ட போல்ட்டு கீழ எங்கியோ கீது. கயித்த வுட்டா அந்தப் போல்ட்டுல மாட்டிக்கினு அதுலயே ஒக்காந்துருவா. கல்லோட வருவா."

"அப்ப இன்னாதான் பண்றது?"

அவர் முகம் பிணத்தின் முகம் மாதிரி ஆகிவிட்டது. அந்த முகத்தை நான் இனி ஒருநாளும் மறக்கப் போவதில்லை. கேட்கிற மகளுக்குக் கேட்டதைக் கொடுக்க முடியாமல், ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லவும் முடியாமல் ஒரு தகப்பன் நின்றுகொண்டிருந்தார். மேலே அவள் கால்கள் நடுங்கத் தொடங்கின. முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது. இனி அவளால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இந்தப் பெண்ணை இந்த மலைக்கு வர விட்ட எங்கள் எல்லாரையும் நான் மனத்துக்குள் சபித்தேன்.

அப்போதுதான் அவள் கயிற்றைக் கைவிட்டாள். வெறும் கையை மேலே தூக்கினாள். போல்ட்டில் மாட்டியிருந்த கொக்கியையே கையால் பிடித்துத் தொங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யாருக்கும் தோன்றும். விரல்கள் கொக்கியை நோக்கிப் போயின.

மாமா அலறிக்கொண்டே பின்னால் சாய்ந்தார். உடம்பின் மொத்த எடையையும் கயிற்றில் போட்டு இழுத்தார். பெற்ற மகளைப் பாறையிலிருந்து அவரே பிய்த்துக் கீழே தள்ளினார்.

அவள் முதுகு கீழே வர விழுந்தாள். விழுவது முடியவே முடியாது போலிருந்தது. பிறகு கயிறு படாரென்று இறுகியது. மாமாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் மோத வைத்தது. அவள் ஊசலாடி வந்து பாறையில் இடித்துக்கொண்டு, அப்படியே தலை தொங்கிப்போய் நின்றாள். கீழே இருந்த போல்ட், குறியிலேயே வைத்த போல்ட், பிடித்துக்கொண்டது. ஆனால் அவள் அசையவில்லை.

"சந்தியா! அம்மா! சந்தியா!"

மாமாவின் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவர் கயிற்றை விடவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், யாரை என்று தெரியாது. எவ்வளவு நேரம் போனதோ, அவள் ஒரு கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மாமா அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். தாடை கிழிந்திருந்தது. வலது பாதத்தை ஊன்ற முடியவில்லை. தரையைத் தொட்டதும் அவர் அவளைத் தாங்கப் போனார். இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தித் தள்ளினாள்.

"ஏன்ப்பா இழுத்த? கயிறு கேட்டுக்கினே கீறன், ஏன் இழுத்த? என்னக் கொல்லவா வந்த?"

"முதல்ல இந்தாண்ட வாம்மா. அப்பால அடி." அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து அக்கரையில் உட்கார வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கல்லைச் சொன்னார், ஈரத்தைச் சொன்னார், ஒரு சாண் தள்ளி வைத்ததைச் சொன்னார்.

"குறிலதான்னு சொன்னியேப்பா" என்று மட்டும் சந்தியா கேட்டாள்.

மாமா எழுந்து, மலைக் கிராமத்துக்குப் போய் ஒரு கடப்பாரையை வாங்கி வந்தார். நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் பின்பக்கமாக உச்சிக்குப் போய், கயிற்றில் இறங்கினார். கல்லுக்கு மேலே தொங்கியபடி அந்த ஈரக் கோட்டுக்குள் கடப்பாரையை விட்டு நெம்பினார். ஒரு நெம்புக்கே வந்துவிட்டது. பெரிய உறுமலோடு போல்ட், கொக்கி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு இறங்கி, மாமாவும் நானும் நின்று கத்திக்கொண்டிருந்த இடத்தில் விழுந்து சிதறியது. தூசி ஓடையைத் தாண்டி எங்கள் மேல் வந்து படிந்தது. சந்தியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் மாமா அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான் தயார் செய்து வைத்திருந்த பொய் வீணாகப் போனது. அக்கா அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மாமா வேலைக்குப் போனார். ஆனால் கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது கயிற்றை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார். கை சரியில்லை என்பார். கையில் ஒன்றுமே இல்லை. தூக்கத்தில் இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு கத்துகிறார் என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். இத்தனை வருஷம் பாறைக்குள் குடைந்தும் ஒரு கீறல் விழாத மனுஷனை, கொடுக்காத ஒரு கயிறு உடைத்துப் போட்டுவிட்டது.

தை பிறந்து, பாதம் சரியானதும் சந்தியா மறுபடி கிளம்பினாள். இந்த முறை நான்சியும் வந்தாள். கல் விழுந்த இடத்துக்குப் பக்கமாகச் சந்தியா புதிய வழி பார்த்தாள். குறி அவளே போட்டாள். துளையும் அவளே போட்டாள். மாமாவை டிரில்லைத் தொட விடவில்லை. அது நியாயம் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். மூட்டையைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, ஓடைக்கு அக்கரையில் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சந்தியா இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு, ஓடையோரம் வந்து நின்று கத்தினாள். "அப்பா, வா. கயித்தப் புடி."

"நான்சிதான் வந்துகீறாளே. அவ புடிக்கட்டும். எனக்கு வேணாம்மா."

"நான்சி நல்லாப் புடிப்பா. கயிறு கேட்டா, கேட்ட ஒடனே வுடுவா." முடிச்சை இழுத்துச் சரிபார்த்தாள். "அன்னிக்கும் வுட்டிருப்பா."

நான்சி தலையைக் குனிந்துகொண்டாள். மாமா திரும்பி மகளைப் பார்த்தார். அந்தத் தனிக் கல்லில் துளையைப் போட்டதும் அவர்தான். அதை அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவர் பதிலுக்காக அவள் நிற்கவில்லை. நேராகப் போய்ப் பாறையில் கை வைத்தாள். கயிற்றின் மறுமுனை யார் கையிலும் இல்லாமல் தரையில் கிடந்தது. அவள் கால் தரையை விட்டு எழும்பியது.

"இரு! இரும்மா! இருடி!" என்று கத்திக்கொண்டே மாமா தண்ணீரில் விழுந்தடித்து ஓடி வந்தார். நனைந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார். கண்ணில் நீர் வழிய அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவள் கேட்கக் கேட்கக் கயிறு விட்டார்.